கடன் பணத்தோடு நிற்க வேண்டும்

(திருக்கடையூரில் நிகழ்த்திய வெண்மணி நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெண்மணி நினைவுக் கூட்டத்தில் கவிதையைப் பற்றியோ நாவலைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இந்த ஆண்டு கடனைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்தோம். அதற்குக் காரணம் இருக்கிறது. இன்று நம் தெருக்களில் ஒரு வீட்டில் ஒரு புத்தகம் இல்லாமல் இருக்கலாம். கடன் அட்டை இல்லாத வீடு அரிது. நம் பெண்கள் அதிகமாகக் கையெழுத்துப் போடுவதும் கடன் தாளில்தான். படிக்காமல் போடுவதும் அதில்தான். எழுத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இந்தத் தாளைப் பற்றியும் கவலைப்பட வேண்டும்.

கடன் பட்டவரின் நெஞ்சைக் கலக்கத்துக்கு உவமையாகச் சொல்லிப் பழகிய மொழி நம்முடையது. கடன் வாங்கினால் தலைகுனிய வேண்டும் என்று நாமே நமக்குக் கற்பித்துக்கொண்டோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கடன் என்பது இரண்டு பேர் செய்துகொள்ளும் ஒப்பந்தம். ஒருவருக்கு அசலையும் நியாயமான வட்டியையும் திரும்பப் பெறும் உரிமை உண்டு. மற்றவருக்கும் உரிமைகள் உண்டு. கொடுத்தது பணம் என்றால் கேட்க வேண்டியதும் பணம் மட்டுமே. உடலையும், குழந்தையையும், குடியிருக்கும் மனையையும், மானத்தையும் கேட்க முடியாது. இன்று நாங்கள் சொல்ல வந்தது இதுதான்: கடன் பணத்தோடு நிற்க வேண்டும். இந்தக் காவிரிக் கடைமடையில் அது பணத்தோடு நின்றதே இல்லை என்பதுதான் நம் வரலாறு.

ஆண்டையின் கணக்கு

பண்ணையாள் முறை எப்படி நடந்தது என்பதை இங்கே உள்ள மூத்தவர்கள் தங்கள் தாய் தகப்பன் வாயால் கேட்டிருப்பார்கள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ ஆண்டையிடம் கொஞ்சம் நெல்லும் பணமும் வாங்குவார்கள். அதற்கு ஈடாக எழுதிக்கொடுக்க நிலம் கிடையாது, நகை கிடையாது. ஆளே ஈடு. கூலி மரக்கால் கணக்கில் நெல்லாக அளக்கப்படும். அளக்கிறவரும் ஆண்டை, கணக்கு எழுதுகிறவரும் ஆண்டை. பாக்கி எவ்வளவு என்று கேட்க வாய் கிடையாது, படித்துப் பார்க்க எழுத்து கிடையாது. அடைபடாத பாக்கி மகன் தலையில் இறங்கும். மகன் மாடு மேய்க்கப் போவான். குடிசை நிற்கும் மனையும் ஆண்டையுடையது என்பதால், எதிர்த்துப் பேசினால் அன்றைக்கே குடிசையைப் பிரிக்க வேண்டும். சாணிப்பாலும் சவுக்கடியும் தனியாக வந்தவை அல்ல. இந்தக் கணக்குப் புத்தகத்தைக் காவல் காத்தவை அவை.

1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை மீது உரிமை கொண்டாடும் வழக்குகளை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. தஞ்சைச் சீமையில் அதன்பின் ஆளைக் கட்டிவைக்க உதவியது கடன்தான். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் போனவர்களையும் அது விடவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு தாள் இருந்தது. இந்தக் கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று ஒரு தோட்டம் எழுதித் தரும். இன்னொரு தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். மனிதர்கள் கைமாறுவதற்கு ஒரு துண்டுத் தாள் போதுமானதாக இருந்தது. 1921இல்தான் அந்த முறை ஒழிக்கப்பட்டது.

இங்கே சங்கம் வந்தது. 1948இல் மாயவரம் ஒப்பந்தம் வந்தது. 1952இல் தஞ்சைக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூலியைக் கூட்டிக் கேட்டதும் சங்கத்தை விட மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். கூலிக்கும் கடனுக்கும் உள்ள தொடர்பை அந்த 44 பேரின் சாம்பலை வைத்து யோசித்துப் பாருங்கள். கூலி வயிற்றுக்குப் போதாத இடத்தில் கடன் நுழைகிறது. கடன் நுழைந்த இடத்தில் கூலியைக் கூட்டிக் கேட்க முடிவதில்லை. இந்தச் சுற்றை அறுக்கத்தான் அவர்கள் எழுந்தார்கள். அவர்கள் செத்த பிறகு, 1969இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971இல் குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. கட்டாய உழைப்பைத் தடை செய்யும் பிரிவு 23 அண்ணல் அம்பேத்கர் தலைமையில் எழுதப்பட்ட அரசமைப்பில் 1950 முதலே இருக்கிறது. அதற்குப் பல் முளைக்க 26 ஆண்டுகள் ஆயின.

முன்பணம் என்னும் பழைய நோய்

பண்ணையாள் என்ற சொல் வழக்கொழிந்துவிட்டது. முன்பணம் ஒழியவில்லை. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் 'அட்வான்ஸ்' வாங்கிக்கொண்டுதான் போகிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு, இந்த டெல்டாவிலேயே ஒரு சிறுவனை 36,000 ரூபாய்க்கு ஆடு மேய்க்க அடகு வைத்த செய்தி வெளிவந்தது. அந்தப் பெற்றோரைத் திட்டுவது எளிது. வீடும் வேலையும் ஒரே இரவில் போன குடும்பத்துக்குக் கைகொடுக்க ஒரு வங்கிகூட முன்வரவில்லையே என்று யாரும் கேட்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? முன்பணத்துக்காக ஒருவர் குறைந்த கூலிக்கோ கூலியே இல்லாமலோ, வேறு இடம் போகும் உரிமையின்றியோ வேலை செய்ய நேர்ந்தால் அது கொத்தடிமை முறை. அந்தக் கடன் சட்டத்தின் கண்ணில் செத்துப்போன கடன். அதைக் கட்ட வேண்டிய பொறுப்பே கிடையாது. வசூலிக்க வழக்குப் போட முடியாது. இது கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்க வேண்டிய பாரம் கடன் கொடுத்தவர் மீது இருக்கிறது. தொழிலாளி மீது அல்ல. பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் 1983இல் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது: கட்டாய உழைப்பு நடப்பது தெரிந்தால், அதற்குப் பின்னால் முன்பணம் இருக்கிறது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் ஆகியோரிடம் மனு கொடுக்கலாம். மீட்கப்பட்டவருக்கு விடுதலைச் சான்றிதழ் தரப்பட வேண்டும். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். மறுவாழ்வு உதவிக்கு அதுதான் ஆதாரம்.

வட்டியைக் கணக்குப் போடுவோம்

'மூணு வட்டி', 'அஞ்சு வட்டி', 'பத்து வட்டி' என்று பேசுகிறோம். நூறு ரூபாய்க்கு மாதம் இவ்வளவு என்பது அதன் பொருள். மூணு வட்டி ஆண்டுக்கு 36 விழுக்காடு. பத்து வட்டி 120 விழுக்காடு. தண்டலில் இது கண்ணுக்கே தெரியாது. 10,000 ரூபாய் தண்டலில் 1,500ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருகிறார்கள் என்று வையுங்கள். நாளுக்கு 100 ரூபாய், 100 நாள் கட்ட வேண்டும். 'வெறும் 1,500தானே' என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறோம். முறையாகக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு நூறு விழுக்காட்டையும் தாண்டும்.

நிறுவனக் கடனிலும் இதே கண்கட்டு உண்டு. '12 விழுக்காடு வட்டிதான், ஃபிளாட் ரேட்' என்பார்கள். 10,000 ரூபாய்க்கு 1,200 வட்டி சேர்த்து 12 மாதத் தவணை. அசல் மாதாமாதம் குறைகிறது, வட்டி மட்டும் முழு 10,000க்கும் போடப்படுகிறது. உண்மை வட்டி ஏறக்குறைய 21 விழுக்காடு. அதனால் வட்டி எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாச் செலவும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு ஆகிறது என்று கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குத் தரும் புதிய கடன்களுக்கு வங்கியும் நிதி நிறுவனமும் இந்த ஒரே எண்ணை எழுதி, முக்கிய விவரங்களைத் தொகுத்து, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் ஒரு தாள் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நமக்குப் புரியும் மொழி தமிழ். தமிழில் கேட்பது சலுகை அல்ல.

தவணை தவறினால் அபராதம் உண்டு. ஆனால் 2024 ஏப்ரல் முதல், அந்த அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது.

தனியார் கந்துவட்டிக்கு இந்த மாநிலத்தில் 2003 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. நாள் வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கடன் வாங்கியவர் தான் தர வேண்டிய தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு, கடன் தீர்ந்தது என்று உத்தரவு கேட்கலாம். இது பலருக்குத் தெரியாது.

வாசலில் உட்காருகிறவர்

இனி நுண்கடனுக்கு வருவோம். நாட்டில் நுண்கடன் நிலுவை அதிகம் உள்ள மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. வங்கி படியேற்றாத நம் பெண்களுக்கு ஈடு கேட்காமல் கடன் கொடுத்தது இந்த நிறுவனங்கள்தான் என்பதையும் சொல்ல வேண்டும். கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் நிலம் இருப்பவருக்கு. 2021இல் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டபோது, அதே வயலில் நாற்று நட்ட பெண்ணின் வாரக்கடனில் ஒரு ரூபாய்கூட அதனால் குறையவில்லை. நிலம் இல்லாதவருக்குப் பயிர்க்கடனும் இல்லை, பயிர்க்கடன் தள்ளுபடியும் இல்லை. அந்த இடைவெளியில்தான் குழுக்கடன் வந்து உட்கார்ந்தது.

சிக்கல் எங்கே? நமக்கு வருமானம் பருவத்துக்குப் பருவம் வருகிறது. நடவில் கொஞ்சம், களையில் கொஞ்சம். அறுவடையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலையே இல்லை. 'டியூ' மட்டும் வாரம் தவறாமல் வருகிறது. ஒரு குழுவின் டியூவுக்கு இன்னொரு குழுவில் கடன், அதைக் கட்ட நகை, அதை மாற்றி வைக்கத் தண்டல். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரும் கலைய முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கடன்காரரின் வேலையை அண்டை வீட்டாரே செய்துவிடுகிறார்கள். சேரியில் நமக்கு இருந்த ஒரே சொத்து ஒருவருக்கொருவர் இருந்த ஒட்டுறவு. அதையும் ஈடாக எழுதி வாங்கிவிட்டார்கள்.

இதற்கு ரிசர்வ் வங்கி 2022 மார்ச் 14இல் வெளியிட்ட விதிகள் ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. அவற்றை இங்கே பொறுமையாகச் சொல்ல விரும்புகிறோம். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடின்றித் தரும் கடன் நுண்கடன். ஒரு குடும்பம் எல்லாக் கடன்களுக்குமாகச் சேர்த்துக் கட்டும் தவணை, மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகும்படி புதுக்கடன் கொடுக்கக் கூடாது. ஐந்தாவது கடனைக் கொடுத்தவரையும் இந்த விதியை வைத்துக் கேள்வி கேட்கலாம். தவணையை வாரமா, இருவாரமா, மாதமா என்று கடன் வாங்குபவரின் தேவைக்கேற்ப வைத்துக்கொள்ள வழி தர வேண்டும். முன்கூட்டியே கட்டி முடித்தால் தண்டம் கிடையாது. தாமதக் கட்டணம் தவறிய தொகைக்கு மட்டும்தான், முழுக் கடனுக்கும் அல்ல. காப்பீடு எடுத்தால்தான் கடன் என்று சொல்லக் கூடாது. கடன் அட்டை புரியும் மொழியில் இருக்க வேண்டும்.

வசூலைப் பற்றிய விதி இன்னும் முக்கியம். இரு தரப்பும் பேசி முடிவு செய்த இடத்தில்தான் வசூல். அங்கே அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ வரலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொல்லை தரக் கூடாது. மிரட்டக் கூடாது, திட்டக் கூடாது, திரும்பத் திரும்பப் போன் செய்யக் கூடாது. உறவினரையும் கூட வேலை செய்பவரையும் தொந்தரவு செய்யக் கூடாது. பெயரை ஊருக்கு அறிவிக்கக் கூடாது. இரவு எட்டு மணிக்கு வாசலில் உட்கார்ந்து 'பணம் வராம எந்திரிக்க மாட்டேன்' என்கிறவர் இவற்றில் எத்தனை விதியை மீறுகிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை, கடன் வசூலில் வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. பின்தொடர்ந்து வருவது, குடும்பத்தாரைத் தொல்லைப்படுத்துவது, அரசு உதவி பெறுவதற்கான ஆவணங்களைப் பிடுங்கிக்கொள்வது ஆகியவை அதில் குற்றம். நூறு நாள் வேலைப் பாஸ்புத்தகத்தையும் ஏடிஎம் அட்டையையும் வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

இன்னொன்றையும் நம் கூட்டத்தில் சொல்லியாக வேண்டும். பட்டியல் சாதி அல்லாத ஒருவர், பலர் பார்க்க நம் பெண்ணைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் அது கடன் விவகாரம் அல்ல. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். கடன் பாக்கி இருப்பது அதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது.

நகையும் மனையும்

நகைக்கடனில் நமக்கு வரும் இழப்பு பெரும்பாலும் ஏலத்தில் வருகிறது. எப்போது ஏலம் போனது, எவ்வளவுக்குப் போனது என்றே தெரிவதில்லை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் நகைக்கடனுக்கு ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புது விதிகளை வெளியிட்டது. அவை 2026 ஏப்ரல் 1க்குள் நடைமுறைக்கு வர வேண்டியவை. ஏலத்துக்கு முன் போதிய அறிவிப்புத் தர வேண்டும். கடனுக்கு மேல் கிடைத்த தொகையை 7 வேலை நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். கடன் தீர்ந்தபின் நகையைத் தருவதில் நிறுவனத்தின் தவறால் தாமதம் ஏற்பட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, நிறுவனத்தைச் சேராத ஒரு சாட்சியை வைத்து நிபந்தனைகளை விளக்க வேண்டும். கைநாட்டு வைக்கும் நம் பாட்டிமாருக்குச் சட்டம் தரும் மரியாதை இது. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

நிலத்துக்கு வருவோம். தலித் மக்கள் கையைவிட்டு நிலம் போன வழிகளில் கடனும் ஒன்று. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வழங்கத் தொடங்கிய பஞ்சமி நிலத்தைப் பிற சாதியாருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தது. அப்படியும் நிலம் போனது. நெருக்கடியில் கொஞ்சம் பணம், ஒரு வெள்ளைத்தாள், ஒரு ரேகை. பிறகு அனுபவம் அவர்களுடையதாகிவிடும். 1994இல் காரணையில் அந்த நிலத்தை மீட்கப் போராடியபோது ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். ஒப்பந்த நிபந்தனையை மீறிக் கைமாறிய பஞ்சமி நிலம், எத்தனை ஆண்டு ஆனாலும் எழுப்ப வேண்டிய கேள்வி.

மனையையோ நிலத்தையோ வைத்துக் கடன் வாங்க நேர்ந்தால் ஒன்றை மறக்காதீர்கள். அடமானப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்யுங்கள். 'சும்மா ஒரு பாதுகாப்புக்கு' என்று கிரயப் பத்திரமோ பொது அதிகாரப் பத்திரமோ எழுதிக் கேட்டால் கொடுக்காதீர்கள். திருப்பிக் கொடுப்போம் என்ற நிபந்தனை அதே பத்திரத்தில் இல்லாவிட்டால், பிறகு அதை அடமானம் என்று நிறுவ முடியாமல் போகும். அடமானம் என்றால் அசலைக் கட்டி மீட்கும் உரிமை 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் உண்டு. அனுபவ ஒத்திக்குக் கொடுத்த நிலத்தைப் பொறுத்தவரை, ஒத்திப் பணம் தீராதவரை காலக்கெடு ஓடத் தொடங்காது என்று சிங் ராம் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'முப்பது வருசம் ஆச்சு, இனி எங்க நிலம்' என்று ஒத்தி பிடித்தவர் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

வீட்டுக்கடனில் தவணை தவறினால் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் வருகிறது. அதிலும் படிகள் உண்டு. முதலில் 60 நாள் அறிவிப்பு. அதற்கு எழுத்தில் மறுப்புச் சொன்னால் 15 நாளில் நிறுவனம் பதில் தர வேண்டும். சுவாதீனம் எடுத்தால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். விவசாய நிலத்தின் மீது இந்தச் சட்டம் செல்லாது. ஒரு லட்சம் வரையிலான கடனுக்கும் செல்லாது. நோட்டீசு வந்ததும் பயந்து அதை அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிடுவதுதான் நம் பழக்கம். 60 நாளும் அங்கேயே கழிந்துவிடும். கடன் முழுதும் கட்டியபின் அசல் பத்திரத்தை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். நிறுவனம் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் என்ற விதி 2023 டிசம்பர் முதல் இருக்கிறது.

போலீசும் வாரிசும்

'கட்டலைன்னா ஜெயிலுக்குப் போவ' என்பது நம் தெருவில் அதிகம் கேட்கும் மிரட்டல். வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போவது குற்ற வழக்கு அல்ல. அது உரிமையியல் விவகாரம். காவல் நிலையம் வசூல் மையம் அல்ல. 2016 மார்ச்சில் ஒரத்தநாடு அருகே டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீசார் அடித்து இழுத்துச் சென்றதைக் காணொளியில் நாடே பார்த்தது. அவர்களுக்கு அந்த அதிகாரம் எந்தச் சட்டத்திலும் இல்லை. 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதியரசர் கிருஷ்ணய்யர், வசதி இருந்தும் ஏமாற்றுகிறவரைத் தவிர, ஏழ்மையால் கட்ட முடியாதவரைச் சிறையில் வைப்பது அரசமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார். பணத்துக்கான தீர்ப்பை நிறைவேற்ற ஒரு பெண்ணைக் கைது செய்யவே முடியாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56ஆம் பிரிவு சொல்கிறது. குழுக்கடன் வாங்கிய ஒவ்வொரு தாயும் இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளலாம். அதே சட்டத்தின் 60ஆம் பிரிவு, கூலித் தொழிலாளி குடியிருக்கும் சொந்த வீட்டையும் அவர் கூலியையும் சாதாரணக் கடனுக்காக ஜப்தி செய்வதிலிருந்து காக்கிறது. நீங்களே அடமானம் வைத்த வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு வராது.

எச்சரிக்கை ஒன்று. தேதியும் தொகையும் எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். காசோலை திரும்பினால் அது குற்ற வழக்காகிவிடும். வெற்றுப் புரோநோட்டும் அப்படித்தான் ஆபத்து.

தகப்பன் கடன் மகன் தலையில் என்ற பழைய நீதியும் போய்விட்டது. இறந்தவர் விட்டுப்போன சொத்து எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் வாரிசின் பொறுப்பு. தந்தையின் கடனை அடைப்பது மகனின் புனிதக் கடமை என்று இந்துச் சட்டத்தில் இருந்த கோட்பாட்டையும் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் புதுக்கடன்களுக்கு இல்லாமல் செய்துவிட்டது. பண்ணையாளின் மகனை மாடு மேய்க்க அனுப்பிய கணக்கு சட்டத்தில் அங்கே முடிந்தது.

சட்டம் இருந்தால் போதுமா

'இவ்வளவு சட்டம் இருந்தும் நம்ம தெருவுல என்ன மாறிச்சு?' என்று நீங்கள் கேட்பது எங்களுக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. கந்துவட்டிச் சட்டம் வந்து 14 ஆண்டு கழித்து, 2017 அக்டோபர் 23இல், நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு சின்னக் குழந்தைகள். பலமுறை மனு கொடுத்த பிறகு அவர்கள் எடுத்த முடிவு அது. வெண்மணியில் நம்மை எரித்தவர்கள் விடுதலையானார்கள் என்பதையும் நாம் மறக்கவில்லை. சட்டம் தானாக நடக்காது என்று இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் தனியாகக் கொடுத்த மனுவும் கூட்டமாகக் கொடுத்த மனுவும் ஒன்று அல்ல. வாயால் சொன்ன முறையீடும் எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கிய முறையீடும் ஒன்று அல்ல. முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டாம். விவரம் கேட்க 14448. சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டாண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். வழக்கறிஞர் தேவைப்பட்டால் இலவச சட்ட உதவி மையம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் அது உரிமை. அழைக்க 15100.

கடனைக் கட்டாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நியாயமான கடனைக் கட்டுவது நமக்கே நல்லது. நாளைக்கு வங்கியில் நம் பெயர் நிற்க வேண்டும். கட்ட முடியாத மாதம் வந்தால் ஒளியாதீர்கள், ஊரைவிட்டுப் போகாதீர்கள், உயிரை விடாதீர்கள். தவணையை மாற்றித் தரும்படி எழுதிக் கேளுங்கள்.

எங்கள் பங்குக்கு ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் நீண்ட ஆயுள் வேண்டி நாடெங்கிலுமிருந்து மக்கள் வரும் ஊர் இது. இதைச் சுற்றியுள்ள தெருக்களில் கடனுக்குப் பயந்து ஒருவரும் ஆயுளைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒவ்வொரு தெருவிலும் கடன் அட்டை வாசிப்பு நடத்துவோம். கவிதை வாசிக்கும் அதே குரலில், பள்ளியிறுதி படித்த நம் பிள்ளைகள் அந்தத் தாள்களை உரக்கப் படிக்கட்டும். வட்டியைக் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். விதிக்குப் புறம்பாக ஏதாவது இருந்தால் அங்கேயே உட்கார்ந்து மனு எழுதட்டும்; தெருவே அதில் கையெழுத்துப் போடட்டும். வசூலுக்கு வருகிறவர் ஒரு வாசலில் உட்கார்ந்தால் நாம் பத்துப் பேர் போய் அந்த வாசலில் உட்காருவோம். சண்டைக்கு அல்ல, மணி என்ன ஆச்சு என்று கேட்பதற்கு.

வெண்மணியின் 44 பேரும் அளக்கும் மரக்காலைக் கேள்வி கேட்டவர்கள். கையில் இருக்கும் தாளைக் கேள்வி கேட்பது நம் வேலை.